ஸ்லீவ் அறுவைக்குப் பின் டெல்லிப் பயணம்: கைப்பையில் எதை வைப்பது, பெட்டியில் எதை வைப்பது?

பொன்னிக்கரை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கடந்த ஜூலை மாதம் எனக்கு ஸ்லீவ் முறையில், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழாய் போலாக்கும் முறையில், இரைப்பைக் குறைப்பு அறுவை நடந்தது. இப்போது திட உணவு உண்கிறேன். ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணத்துக்கு மேல் இறங்குவதில்லை. அரையாண்டு விடுமுறையில் கணவர், மகன், மாமியார் ஆகியோருடன் டெல்லிக்கும் ஆக்ராவுக்கும் செல்கிறோம். சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏசி மூன்றடுக்குப் பெட்டியில் முன்பதிவு செய்திருக்கிறோம். திரும்பி வருவது விமானத்தில். மொத்தம் எட்டு நாள்.

முன்பெல்லாம் வடநாட்டுப் பயணம் என்றால் புளிசாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு கவலையின்றிக் கிளம்பிவிடுவோம். இப்போது என் ஒருத்தியின் மூட்டை மற்ற மூவரின் மூட்டைகளையும் விடப் பெரிதாக நிற்கிறது. இரண்டு கிலோ புரதப் பொடி டப்பா, மாத்திரை அட்டைகள், பொட்டுக்கடலை மாவு, சத்துமாவு, மிக்ஸியின் சிறு ஜார் எனச் சேர்ந்துகொண்டே போகிறது. மாமியார் ஒரு சிறிய மின் அடுப்பையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இதில் எது தேவை, எது வெறும் பயம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோவை நடையன்:
வணக்கம் அம்மா. எனக்கு நடந்தது இரைப்பை பைபாஸ் அறுவை, அதாவது இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. ஆண்டுகள் சில ஆகிவிட்டன. வேலை காரணமாக வட மாநிலங்களுக்கு அடிக்கடி இரயிலில் செல்பவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பொருள்களைப் பட்டியல் போட்டு மூட்டை கட்டினால் மூட்டை வளர்ந்துகொண்டேதான் இருக்கும், ஏனென்றால் பட்டியலுக்கு முடிவு கிடையாது. அதற்குப் பதிலாக, பயணத்தை மணிக்கணக்காகப் பிரித்து, எந்த நேரத்தில் நமக்கு ஏற்ற உணவும் நீரும் கிடைக்காது என்று பாருங்கள். அந்த இடைவெளிகளுக்கு மட்டுமே நாம் சுமக்க வேண்டும். சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். இரவு ஏறினால் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் வண்டியில் கழிகின்றன. அது முதல் இடைவெளி. டிசம்பர் இறுதியில் டெல்லியைச் சுற்றி மூடுபனி இறங்கினால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாவது ஆண்டுதோறும் நடப்பது. ஆகவே கூடுதலாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கான உணவை வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டாம் இடைவெளி. சுற்றிப் பார்க்கும் நாள்களில் காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவில் வரும் நேரம் மூன்றாவது. இவை தவிர்த்த நேரங்களில் முட்டை, தயிர், பனீர், பருப்பு ஆகிய நான்கும் டெல்லியில் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. நமக்குப் புரதம் தேடுவதில் வடநாடு உண்மையில் நம் ஊரை விட வசதியானது. எளிய உணவகத்தில்கூட பனீர் புர்ஜி கேட்டால் செய்து தருவார்கள். நூறு கிராம் பனீரில் ஏறத்தாழ 18 கிராம் புரதமும் ஒரு முட்டையில் 6 கிராமும் இருக்கின்றன. நாள் ஒன்றுக்கு 60 முதல் 80 கிராம் என்ற நம் இலக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த இரண்டிலேயே வந்துவிடும்.

இரண்டு கிலோ டப்பாவை வீட்டிலேயே வையுங்கள். கரண்டிக்கு 30 கிராம், நாளைக்கு இரண்டு கரண்டி என்றாலும் எட்டு நாளுக்கு 480 கிராம்தான் ஆகிறது. அதையும் கரண்டி கரண்டியாகச் சிறு டப்பாக்களில் உலர்ந்த நிலையில் பிரித்து வைத்துக்கொண்டு, குடிக்கும் நேரத்தில் ஷேக்கரில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவதே சரியான வழி. முன்கூட்டியே கரைத்து வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது; கொதிநீர் ஊற்றினால் பொடி திரிந்து கட்டியாகிவிடும். வெதுவெதுப்பான நீர் போதும். சத்துமாவை விட்டுவிடுங்கள், பெயரில் சத்து இருந்தாலும் பெரும்பகுதி தானிய மாவுதான். இவ்வளவு சிறிய இரைப்பையில் அதற்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

வைகைத் தென்றல்:
நடையன் ஐயா சொல்வது தனியாகப் போகிற ஆண்களுக்குப் பொருந்தும். என் தங்கைக்கும் இதே அறுவை நடந்தது. வெளியில் எண்ணெயும் காரமும் மிகுந்த உணவைச் சாப்பிட்டு அவள் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். மின் அடுப்பு ஒன்று இருந்தால் விடுதி அறையிலேயே பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கொடுத்துவிடலாம். அம்மாவின் மாமியார் சொல்வதில் அனுபவம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோவை நடையன்:
அக்கறையை மதிக்கிறேன் சகோதரி. ஆனால் இரயில் பெட்டியில் உள்ள மின் இணைப்பு கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் மட்டுமே உரியது. அதில் கெட்டிலையோ அடுப்பையோ செருகுவது விதிமீறல், தீ விபத்துக்கும் வழி. பெரும்பாலான விடுதிகளும் அறைக்குள் சமைக்க அனுமதிப்பதில்லை. அடுப்பு, பாத்திரம், பருப்பு, உப்பு, மஞ்சள் என்று நான்கு கிலோ ஏறிவிடும். விமானத்தில் திரும்பும்போது பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ என்ற கணக்கில்தான் நிறுத்துவார்கள்.

அடுப்பின் வேலையை ஒரு நல்ல பிளாஸ்க் செய்துவிடும். பொட்டுக்கடலை மாவில் சீரகத்தூள், உப்பு கலந்து எடுத்துச் சென்றால் வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாகக் கலக்கிக்கொள்ளலாம். அதில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. சாப்பாட்டு வேளை அல்லாத நேரத்தில்கூட இரயிலின் சமையல் பெட்டிப் பணியாளரிடம் கேட்டால் வெந்நீர் கிடைக்கும். கார உணவு ஒத்துக்கொள்ளாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அதற்குத் தீர்வு, மசாலா குறைவாகச் செய்யச் சொல்லிக் கேட்பதும், கிரேவியை ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கும் பனீரையோ கோழியையோ மட்டும் உண்பதும்தான்.

நெல்லை மருந்தாளுநர்:
உணவைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. மாத்திரைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அம்மா, உங்கள் மருந்துகள் எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. எட்டு நாள் பயணம் என்றால் பன்னிரண்டு நாளுக்கு உரியதை எடுத்துக்கொண்டு, முழுவதையும் உங்கள் கைப்பையில் வையுங்கள். இருக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிய பெட்டியில் இருக்கிற மாத்திரையை யாரும் நேரத்துக்கு எடுத்துப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பயணத்தில் பெரும்பாலும் குழம்புவது கால்சியமும் இரும்புச்சத்தும்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றொன்றின் உறிஞ்சலைக் கெடுக்கும். இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். கால்சியத்தையும் ஒரே வேளையில் முழு அளவாக விழுங்காமல், 500 அல்லது 600 மில்லிகிராம் அளவில் பிரித்துத்தான் போட வேண்டும். கடையில் வாங்க நேர்ந்தால் கால்சியம் சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள். கால்சியம் கார்பனேட் கரைவதற்கு இரைப்பை அமிலம் தேவை, நமக்கோ அமிலம் குறைவு, அதையும் அடக்க மாத்திரை வேறு போடுகிறோம். இரும்பு மாத்திரையை இரயிலில் வரும் தேநீரோடு போடாதீர்கள். காலை, மதியம், மாலை, இரவு என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கிக் கிளம்பும் முன்பே நிரப்பிவிடுங்கள். ஆனால் அட்டையின் பெயர் அச்சிட்ட பகுதியையும் மருந்துச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது வலி மருந்து. பயணத்தில் தலைவலியோ முழங்கால் வலியோ வந்தால் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாத்திரையை அன்போடு நீட்டுவார். அதில் இப்யூபுரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ இருக்கலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு அவை குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கக் கூடியவை என்பதால் அறவே கூடாது. ஸ்லீவ் செய்தவர்களையும் மருத்துவர்கள் பெரும்பாலும் தவிர்க்கவே சொல்கிறார்கள். பாரசிட்டமால் அட்டை ஒன்றை நீங்களே வைத்துக்கொண்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பாலைவனப் பறவை:
துபாயிலிருந்து எழுதுகிறேன். இழையைத் தொடங்கியவர் உள்நாட்டில்தான் போகிறார் என்றாலும், ஊருக்கு வந்து அறுவை செய்துகொண்டு வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். அறுவைக்குப் பின் வலிக்காகத் தரப்படும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, பிரிகாபலின் போன்றவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருத்துவர் சீட்டு இருக்கிறது என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது; அந்நாட்டு அரசின் இணைய வழி முன் அனுமதி பெற வேண்டும். வீட்டில் கட்டிக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருந்தால் அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.

புரதப் பொடியைச் சிறு உறைகளில் பிரித்து வைப்பது இரயிலுக்குச் சரி. பன்னாட்டு விமானத்தில் பெயரில்லாத வெள்ளைப் பொடிப் பொட்டலங்களை எடுத்துச் சென்றால் விளக்கம் சொல்லியே நேரம் போய்விடும். நிறுவனமே ஒரு வேளை அளவில் அச்சிட்டு விற்கும் உறைகளை வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கா செல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2018 முதல் அங்கு செல்லும் விமானங்களில் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட அளவில் கைப்பையில் உள்ள பொடிகளைத் தனியாகச் சோதிக்கிறார்கள், ஆகவே பெரிய டப்பா பெட்டிக்குள் போவதே நல்லது.

பாலாற்று வாசகன்:
நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். வேலூரில் இருக்கிறேன். பைபாஸ் செய்து மூன்றாவது வாரம் நடக்கிறது. கூழ் உணவுக்கு இப்போதுதான் மாறியிருக்கிறேன். வேண்டுதல் ஒன்று இருப்பதால் அடுத்த வாரம் திருப்பதிக்குக் காரில் போய்வரலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

நெல்லை மருந்தாளுநர்:
எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம், தம்பி, பயணத்தையே தள்ளிவையுங்கள். முதல் சில வாரங்கள்தான் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து மிகுந்த காலம். நீண்ட நேரம் காலை மடக்கி உட்கார்ந்திருப்பது அதைக் கூட்டும். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தை நான்கு முதல் ஆறு வாரம் வரை தள்ளிவைக்கச் சொல்லும் அறுவை மருத்துவர்கள் பலர். வேலூரிலிருந்து திருப்பதி அவ்வளவு தொலைவில்லை என்பது உண்மைதான். ஆனால் மலை மேல் வைகுண்டம் வரிசை வளாகத்தில் எத்தனை மணி நேரம் அமர வேண்டியிருக்கும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. நடுவில் வெளியே வருவதும் எளிதன்று. உங்கள் மருத்துவர் நேரில் பார்த்துப் போகலாம் என்றால் மட்டுமே போங்கள். அப்போதும் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட எதையும் தூக்க வேண்டாம். மூன்றாவது மாதம் போனால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாலாற்று வாசகன்:
நன்றி ஐயா. மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன். பிரசாத லட்டையும் அப்போதுதான் ருசிக்க முடியும் போலிருக்கிறது.

கோவை நடையன்:
அப்போதும் ஒரு கிள்ளு மட்டும், தம்பி. பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு நேராகச் சிறுகுடலில் இறங்குவதால் அரை மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று டம்பிங் வந்துவிடும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். வண்டியிலோ வரிசையிலோ அது வந்தால் சமாளிப்பது கடினம். ஆசிரியை அம்மாவுக்கும் இது சேர்த்துத்தான்: ஸ்லீவில் டம்பிங் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை, ஆக்ராவில் பேட்டா மிட்டாய்க் கடைகள் வரிசையாக இருக்கும், வாங்குவதை உறவினர்களுக்கு வாங்குங்கள்.

கரோல்பாக் தமிழச்சி:
டெல்லியில் வளர்ந்தவள், ஸ்லீவ் செய்துகொண்டவள் என்ற இரண்டு உரிமையிலும் சில சொல்கிறேன், அக்கா.

முதலில் குளிர். எடை இறங்கிய பிறகு நமக்குக் குளிர் முன்பை விட அதிகமாகத் தெரியும். உடம்பைப் போர்த்தியிருந்த கொழுப்பும் போய்விட்டது, உண்ணும் அளவும் குறைந்துவிட்டது. டிசம்பர் இறுதியில் டெல்லி இரவுகளில் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். திருச்சியில் கிடைக்கும் ஒற்றை ஸ்வெட்டரை நம்பி வராதீர்கள். உடலோடு ஒட்டிய உள் வெப்ப ஆடை இரண்டு செட், அதன் மேல் முழுக்கை, அதன் மேல் ஸ்வெட்டர், தலைக்கும் காதுக்கும் ஒரு சால்வை என அடுக்கடுக்காகப் போடுங்கள். உள் ஆடையை இப்போதைய அளவுக்கு வாங்குங்கள்; கீழாடை மட்டும் நாடா வைத்ததாக இருக்கட்டும். ஐந்தாம் மாதத்தில் இடுப்பளவு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும், கொக்கி வைத்த ஆடை நழுவும். விரல் மோதிரமும் வளையலும் தளர்ந்திருந்தால் அவற்றை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கையுறையைக் கழற்றும்போது மோதிரம் அதோடு சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது தண்ணீர். இந்த இழையில் எல்லோரும் புரதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆனால் அறுவை செய்தவர்களை மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்பும் முக்கியமான காரணங்களில் ஒன்று நீர்ச்சத்துக் குறைவு. குளிரில் தாகமே எடுக்காது. போதாததற்கு, நம் பெண்கள் இரயில் கழிப்பறைக்கு அஞ்சி ஏறும் முன்பிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் இறங்கியதும் ஒரு சொம்பு நீரை மடமடவென்று குடித்து ஈடுகட்டிவிடலாம். நமக்கு அது முடியாது. வாய் வாயாக, நாள் முழுவதும் பரப்பித்தான் ஒன்றரை முதல் இரண்டு லிட்டரை உள்ளே செலுத்த முடியும், அதிலும் சாப்பாட்டோடும் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்கும் குடிக்கக் கூடாது. ஆகவே கழிப்பறைப் பயத்துக்கு முதலில் வழி செய்யுங்கள்: ஈரத்துணித்தாள், சோப்புத் தாள், காகித இருக்கை உறை, ஒரு சிறு கைவிளக்கு ஆகியவற்றை ஒரு சிறு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் தண்ணீர் தானாகக் குறையாமல் இறங்கும். என்னைக் கேட்டால் புரதப் பொடியை விட முக்கியமான பொட்டலம் இதுதான். அளவுக்கோடு போட்ட அரை லிட்டர் குப்பி ஒன்றும், சீரகம் போட்ட வெந்நீருக்கு பிளாஸ்க் ஒன்றும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குளிர்ந்த நீரை விட வெதுவெதுப்பான நீர் குளிர்காலத்தில் எளிதாக இறங்குகிறது.

உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓஆர்எஸ்) வைத்துக்கொள்வது நல்லதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட பொடி உறையையே வாங்குங்கள். அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. காகிதப் பெட்டியில் அடைத்து விற்ற சில இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கி வந்தன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பழைய சரக்கு எங்கேனும் கண்ணில் பட்டால் ஏமாறாதீர்கள்.

மூன்றாவது, பார்க்கப் போகும் இடங்கள். தாஜ்மகாலுக்குள் உணவுப்பொருள் கொண்டுபோக முடியாது. தண்ணீர்க் குப்பியை வளாகத்துக்குள் எடுத்துச் செல்லலாம். சோதனை வரிசையில் நின்று உள்ளே போய்ச் சுற்றி வெளியே வர மூன்று மணி நேரமாவது ஆகும். ஆகவே வாயிலுக்கு வருவதற்கு அரை மணி நேரம் முன்பு வண்டியிலேயே ஒரு முட்டையோ சிறிது பனீரோ சாப்பிட்டுவிட்டு, நடக்கத் தொடங்கும்போது தண்ணீர் குடிக்கத் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடப்பட்டிருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்ஷர்தாம் கோயிலில் பையையே வெளியில் வைக்கச் சொல்வார்கள். அங்கும் உணவுக்கு அனுமதியில்லை, வளாகமும் பெரியது. இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

வைகைத் தென்றல்:
கழிப்பறைப் பொட்டலத்தை ஒப்புக்கொள்கிறேன். மின் அடுப்பைப் பற்றி இனி வாதிடவில்லை. ஆனால் வேகவைத்த முட்டையை இரயிலுக்கு எடுத்துப் போகலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

கரோல்பாக் தமிழச்சி:
இரவு ஏறியதும் உண்பதற்கு எடுத்துப் போகலாம். மறுநாளுக்கு வைத்துக்கொள்வது வேண்டாம். ஓடு உரிக்காமல் வைத்தால்கூட அவ்வளவு நேரம் அறை வெப்பத்தில் பாதுகாப்பானதன்று. பகலில் வண்டியிலேயே ஆம்லெட் வரும். ரொட்டியை ஒதுக்கிவிட்டு முட்டையை மட்டும் நிதானமாக மென்று உண்ணலாம். வறுத்த கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் பயணம் முடியும் வரை கெடாது, நன்றாக மெல்ல முடிகிறவர்களுக்கு அவை போதும். ஒரு சொல் மட்டும்: வீட்டில் ஒரு முறைகூட உண்டு பார்க்காத எதையும் வண்டியில் முதன்முதலாக உண்ணாதீர்கள்.

பொன்னிக்கரை ஆசிரியை:
எல்லோருக்கும் நன்றி. மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து இழையை முழுவதும் வாசித்துக் காட்டினேன். அடுப்பு விடைபெற்றுவிட்டது, அதற்கு ஈடாகப் பிளாஸ்க் இரண்டாகிவிட்டது. மிக்ஸி ஜாரும் சத்துமாவும் வீட்டிலேயே இருக்கும். இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. எனக்கு நடுப் படுக்கை வந்திருக்கிறது. ஏறி இறங்குவது சரியா? விமானத்தில் அடையாள அட்டையில் உள்ள படத்துக்கும் இப்போதைய முகத்துக்கும் வேறுபாடு தெரிகிறதே, சிக்கல் வருமா? வழியில் உடம்புக்கு ஏதேனும் வந்தால் புது மருத்துவரிடம் என்ன காட்ட வேண்டும்?

கோவை நடையன்:
ஐந்து மாதம் ஆகிவிட்டதால் நடுப் படுக்கையில் ஏறுவதால் தையலுக்கு ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இரவில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பவருக்குக் கீழ்ப் படுக்கைதான் வசதி. நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு, உங்கள் மாமியாருக்கு அது கிடைத்திருக்கலாம். கணவர் அல்லது மகனுக்கு இன்னொரு கீழ்ப் படுக்கை வந்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையெனில் பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், காலியாக இருந்தால் தருவார். பகலில் மணிக்கு ஒரு முறை பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்துவிட்டு வாருங்கள்.

முகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாதுகாப்புப் பணியாளர் இரண்டு முறை உற்றுப் பார்ப்பார், அவ்வளவுதான். பழைய படம் உள்ள ஒன்றோடு அண்மையில் எடுத்த படம் உள்ள வேறொரு அரசு அடையாள அட்டையும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தை வைத்து நுழையும் டிஜி யாத்ரா வாயில் ஏற்காவிட்டால் வழக்கமான வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு நேரம் வைத்துக் கிளம்புங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அனுமதியில்லை. மாத்திரைகளும் கைப்பையிலேயே. ஷேக்கரைக் காலியாக எடுத்துச் சென்று சோதனையைக் கடந்த பின் நிரப்பிக்கொண்டால் கேள்விக்கே இடமில்லை.

நெல்லை மருந்தாளுநர்:
மூன்றாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் இரண்டு எடுங்கள். ஒன்று உங்கள் கைப்பையில், மற்றொன்று கணவரிடம். கைப்பேசியில் படமாகவும் இருக்கட்டும், ஆனால் மின்னேற்றம் தீர்ந்த கைப்பேசி அவசர சிகிச்சைப் பிரிவில் உதவாது என்பதால் காகிதமே முதன்மை. அதோடு ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி மேலே வையுங்கள்: என்ன அறுவை, எந்த மாதம், செய்த மருத்துவரின் தொலைபேசி எண், ஒவ்வாமை உண்டா, எந்த வலி மருந்துகள் கூடாது என்பவற்றை எழுதினால் போதும். மூக்கு வழியாகக் குழாய் செருக நேர்ந்தால் இரைப்பையின் அமைப்பு மாறியிருப்பதை அறிந்து செய்ய வேண்டும் என்று ஒரு வரியும், தொடர் வாந்தியோடு வந்தால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி தேவை என்று இன்னொரு வரியும் சேருங்கள். இவை இரண்டையும் உங்கள் அறுவை மருத்துவரிடம் காட்டி அவர் கையொப்பத்தோடு வாங்கிக்கொண்டால், முன்பின் தெரியாத மருத்துவர் அதைத் தயக்கமின்றி ஏற்பார்.

குடித்த நீர்கூட ஒரு நாளாக நிற்காத வாந்தி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், கருநிற மலம், விட்டு விட்டு முறுக்கும் கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முறுக்கும் வலி பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் உள்ளே சிக்கிக்கொண்டதன் அடையாளமாகவும் இருக்கலாம், அறுவை நடந்து ஆண்டுகள் ஆனபின்னும் வரக்கூடியது. வண்டியில் இருக்கும்போது என்றால் 139 என்ற எண்ணுக்கு அழைத்தால் அடுத்த பெரிய நிலையத்தில் மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். டெல்லியில் எய்ம்ஸ் உட்பட இந்த அறுவையைச் செய்யும் மருத்துவமனைகள் பல இருக்கின்றன. ஆக்ராவில் தங்கும் விடுதியை உறுதி செய்யும்போதே அருகில் உள்ள பெரிய மருத்துவமனையின் பெயரையும் கேட்டு அந்த அட்டையின் பின்புறத்தில் எழுதிவிடுங்கள்.

பொன்னிக்கரை ஆசிரியை:
அட்டையை எழுதி முடித்துவிட்டேன். வரும் சனிக்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது கையொப்பம் வாங்குகிறேன். கீழ்ப் படுக்கை மகனுக்கு வந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டான். நடுப் படுக்கையில் இருந்தால் கைப்பேசி பார்ப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. பித்தப்பையில் கல் வராமலிருக்க அறுவைக்குப் பின் ஆறு மாதத்துக்கு உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை தந்திருக்கிறார்கள். அது பயணத்தின் நடுவில்தான் முடிகிறது. கூடுதலாக வாங்கி வைக்க வேண்டுமா?

நெல்லை மருந்தாளுநர்:
ஆறு மாதம் முடிகிற நாள் வரைக்கும் உரிய அளவோடு நான்கு நாளுக்கு மட்டும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தொடர வேண்டுமா என்பதைச் சனிக்கிழமை கையொப்பம் வாங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடலாம். உணவோடு சேர்த்துப் போடும் மாத்திரை அது. தாஜ்மகால் செல்லும் நாளில் காலை உணவோடு முடித்துவிடுங்கள்.